வளையாது என்று சொன்ன கழுத்து

அந்த மனிதனை நான் நேரில் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் இதைச் சிறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன். கொழும்புக்கு வெளியே எங்கேயோ ஒரு கொட்டகையில் பேஸ் கிடார் செய்கிறவன். முகம் தெரியாது, குரல் மட்டும் தெரியும். தேன் ஒழுகும் குரல்.

"பிரதர், நம்ம நெக் கிராஃபைட். பனி, மழை, வெயில் எதுவும் ஒண்ணும் செய்யாது. நீங்க வளைஞ்சாலும் அது வளையாது."

முதல் நாள் போனில் இப்படித்தான் சொன்னான். மண்சரிவில் மலையே இடம் மாறிவிடுகிற பக்கத்துக்காரர்கள் நாங்கள். அசையாது, வளையாது என்று யாராவது சத்தியம் செய்தால் கொஞ்சம் தள்ளி நின்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. அன்றைக்கு அந்தப் பழக்கம் எனக்கு எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

பகலில் எனக்குப் பதுளை பஜாரில் ஒரு இரும்புக் கடையில் வேலை. ஆணி, பெயிண்ட், தண்ணீர்க் குழாய், பசை விற்பேன். வீடு ஸ்பிரிங்வெளியில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று. சனி ஞாயிறுகளில் நான் பேஸ் கிடார்காரன். பன்னிரண்டு வருடமாக ஒரே இசைக்குழு. கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று ஊவா மாகாணம் முழுக்க எங்களை வேனில் ஏற்றி இறக்காத தோட்டம் கிடையாது. பேஸ் வாசிக்கிறவனை யாரும் பார்க்க மாட்டார்கள். பாடுகிறவனைப் பார்ப்பார்கள், டிரம்ஸ்காரனைப் பார்ப்பார்கள். என்னைக் கரண்ட் வேலை செய்ய வந்தவன் என்று நினைத்து, ஒயரைச் சரிசெய்யச் சொன்னவர்களும் உண்டு. அதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. அந்த நான்கு தந்திகளை மீட்டும்போது தரை அதிர்வது என் காலுக்குத் தெரியும். அது போதும் எனக்கு. வேறு எதிலும் நான் பெரிய கெட்டிக்காரன் இல்லை.

என்னிடம் இருந்தது பழைய மர பேஸ். அதன் கழுத்தைத்தான் நெக் என்கிறோம், தந்திகள் ஓடுகிற நீண்ட கட்டை. மரம் ஈரம் குடிக்கும், ஊதும், வளையும். வளைந்தால் தந்திக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி கூடி, சுருதி கெடும். உள்ளே ஒரு இரும்புக் கம்பி உண்டு. சாவி போட்டுத் திருகினால் நெக் நிமிரும். மற்ற ஊர்க்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை திருகுவார்களாம். நாங்கள் காலையில் பண்டாரவளைப் பனியில் வாசித்துவிட்டு மதியம் வெல்லவாய வெயிலில் இறங்குகிறவர்கள். நான் ஒரே நாளில் இரண்டு தடவை திருகுவேன். கடைசியில் அந்தக் கம்பியும் மரை தேய்ந்து சும்மா சுற்ற ஆரம்பித்தது.

குழுத் தலைவர் கீபோர்ட் வாசிக்கிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வலது கையால் ராகமும் இடது கையால் வேண்டுமானால் பேஸும் வாசிப்பார். கீபோர்டில் எல்லாச் சத்தமும் இருக்கிறது, பாழாய்ப்போன பேஸ் சத்தம் உட்பட. தெமோதரையில் ஒரு கல்யாண வீட்டில் என் சுருதி கெட்டு, பாடகி பாதிப் பாட்டில் திரும்பி என்னை முறைத்தாள். அன்றைக்கு வேனில் வைத்து அவர் சொன்னார்.

"தம்பி, ஒன் பேஸு பண்டாரவளையில ஒரு சுருதி, வெல்லவாயவுல ஒரு சுருதி. அடுத்த மாரியம்மன் திருவிழா வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள சரி பண்ணிக்க. இல்லாட்டி எடக்கை எங்கிட்ட சும்மாதான் கெடக்கு."

பன்னிரண்டு வருடமாக ஒன்றாகக் கொத்து ரொட்டி தின்றவர்கள், அத்தனை பேருக்கும் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதோ கிடைத்துவிட்டது.

அதன் பிறகுதான் கிராஃபைட் பைத்தியம் பிடித்தது. பென்சில் கரி இல்லை இது. கார்பன் நாரைத் துணியாக நெய்து, பிசினில் ஊறவைத்து, அச்சில் அழுத்தி எடுப்பது. மரமே இல்லாததால் ஈரம் குடிக்க அதில் ஒன்றும் கிடையாது. இணையத்தில் இரண்டு மாதம் விடாமல் படித்தேன். இந்த நெக்கைச் செய்கிற வெளிநாட்டுக்காரர்களைப் பற்றி அங்கே ஒரே ஒப்பாரி. ஒருவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டாராம். ஒருவர் எழுதினால் பதில் போட மாட்டாராம். ஒருவர் ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்தாராம், யாருடைய ஆயுள் என்று சொல்லவில்லையாம். சாமான் நல்ல சாமான், ஆள்தான் சரியில்லை என்று எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. நம் நாட்டில், நம் மொழி பேசுகிறவன் ஒருவன் செய்கிறான் என்று தெரிந்ததும் அவனுக்கே போன் போட்டேன்.

உள்ளே நிமிர்த்துகிற கம்பி உண்டா என்று கேட்டேன். சிரித்தான். "வளையாத நெக்குக்குக் கம்பி எதுக்கு பிரதர்? காய்ச்சலே வராதவனுக்கு மாத்திரை எதுக்கு?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்று மாதத்தில் தருகிறேன் என்றான். மூன்றாவது மாதம் அச்சு உடைந்தது. ஐந்தாவது மாதம் துணி துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. ஏழாவது மாதம் மாமனார் போய்விட்டார், முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடியட்டும் பிரதர் என்றான். பத்தாவது மாதம் கேட்டபோது மறுபடியும் மாமனாருக்கு முப்பத்தொன்று என்றான். எத்தனை மாமனார்டா உனக்கு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. நெக் அவன் கையில் இருக்கிறதே. திருவிழா நெருங்க நெருங்க நான் அவனைக் கெஞ்சினேன். ஆணி வாங்க வருகிறவனிடம் எரிந்து விழுவேன், அவனிடம் குழைவேன். என் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எங்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கீங்களா?" என்றாள்.

திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கியது. திறந்து பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. கறுப்பு, மினுமினுப்பு, நெக் கோடு போட்ட மாதிரி நேர். வாசித்தேன். இரண்டு மணி நேரம் வாசித்தும் சுருதி இம்மி நகரவில்லை. என் மனைவி சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். மறுநாளே பழைய மர பேஸை மொனராகலையிலிருந்து வந்த ஒருவனுக்குத் தள்ளிவிட்டேன். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பார்கள். அதைச் சொன்னவள் எந்த லயத்துக்காரியோ.

அன்று பகலே மழை பிடித்துக்கொண்டது. ஸ்பிரிங்வெளி மழை தெரிந்தவர்களுக்குத் தெரியும். சுவர் வியர்க்கும், தலையணை நனையும், தீக்குச்சி பற்றாது. இரண்டு நாளாகியும் விடவில்லை. இங்கே என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் அண்ணன், தேயிலை பெக்டரியில் ட்ரையர் மெஷினில் வேலை, திருவிழாவில் தப்பு அடிக்கிறவன். தப்பின் தோலை அடிப்பதற்கு முன்னால் தீயில் காட்டிக் காய்ச்சுவார்கள். காய்ச்சாத தப்பு தொப்பு தொப்பென்றுதான் பேசும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழைக்காலத்தில் தீ மூட்ட விறகு காயாது. அதனால் மச்சான் தன் தப்பை யாருக்கும் தெரியாமல் பெக்டரிக்குள் கொண்டுபோய், ட்ரையர் பக்கத்தில் சாத்தி வைப்பான். என் மர பேஸையும் நாலைந்து வருடம் அங்கேதான் கொண்டுபோனான், ஆனால் அது மேல்மாடியில், இளம் சூட்டில் இருக்கும். அது அதற்கு நல்லதாகவே இருந்தது.

"மச்சான், இந்த ஈரத்துல புதுச் சாமானை வைக்காதீங்க. குடுங்க, நா காயவெச்சுக் கொண்டாறேன்" என்றான்.

இதற்கு ஈரம் ஒன்றும் செய்யாது என்று அவன் நூறு தடவை சொன்னானே, அந்தக் கொழும்புக்காரன். அதை நான் மச்சானிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கருவி என்றால் வாசிக்குமுன் காய வேண்டும். அது எங்கள் இரத்தத்தில் ஊறிய விஷயம். பெட்டியோடு கொடுத்தேன். புதுச் சாமான் ஆயிற்றே என்று மச்சான் அதிகப் பாசம் காட்டிவிட்டான். மேல்மாடி போதாதென்று, ட்ரையரின் சூட்டுக் காற்று போகிற தகரக் குழாய்க்குப் பின்னால், ஆள் கண்ணில் படாத இடத்தில் நிறுத்தி வைத்தான். முழுச் சுருதியில், நான்கு தந்தியும் விறைப்பாக இழுத்துக்கொண்டிருக்க, இரண்டு நாள்.

திருவிழா அன்று காலையில் கொண்டுவந்தான். பெட்டியைத் திறந்தேன். நெக் வில் மாதிரி முன்னால் வளைந்திருந்தது. நடுவில் தந்திக்கும் கட்டைக்கும் இடையே என் சுண்டுவிரல் தாராளமாகப் போனது. திருகி நிமிர்த்தக் கம்பி இல்லை. காய்ச்சலே வராதவனுக்கு மாத்திரை எதற்கு.

மச்சான் என் முகத்தைப் பார்த்தான். "என்ன மச்சான், இது இப்படித்தான் இருக்குமா?" என்றான். நான் அவனை என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தப்பை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனான்.

நிகழ்ச்சி சாயங்காலம் நாலு மணிக்கு. மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடி முடித்த ஈரத் துணிகளோடு சனம் முழுக்க மேடைக்கு முன்னால். நெக்கின் மேல் முனையில் முதல் நாலு கட்டத்தில் மட்டும் தந்தியை அழுத்த முடிந்தது. அதற்குக் கீழே இரும்புக் கேட்டைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. முப்பது பாட்டையும் அந்த நாலு கட்டத்துக்குள்ளேயே வாசித்தேன். மேலே ஏறி இறங்குகிற ஓட்டங்களையெல்லாம் விழுங்கினேன். பத்தாவது பாட்டில் விரல் நுனி கிழிந்தது. சனத்துக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆடினார்கள். முன்வரிசையில் நின்று என் மனைவி போனில் படம் பிடித்தாள். அதில் ஒரு நிமிடத் துண்டைத் தன் இணையப் பக்கத்தில் போட்டாள். "எங்க வீட்டுக்காரர்" என்று எழுதியிருந்தாள்.

சாமான்களைக் கட்டும்போது தலைவர் என் பக்கத்தில் வந்தார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"தம்பி, சுருதி நின்னுச்சு. ஆனா முழுக்க நாலு கட்டத்துக்குள்ளயே ஓடுன. அவ்வளவுதான்னா அதை நா எடக்கையாலயே செஞ்சிருவேன்ல."

நியாயம்தான். அதுதான் வயிற்றெரிச்சல். பன்னிரண்டு வருடம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேன் எங்கள் லயத்து முன்னால் நிற்காமல் போனது.

திங்கட்கிழமை கடையில் நின்றபடியே கொழும்புக்குப் போன் போட்டேன். கத்தினேன். கத்துகிற வேகத்தில் ட்ரையர் கதையையும் உளறிவிட்டேன். கடைசி வரைக்கும் கேட்டான். பிறகு சிரித்தான்.

"டீ காயவைக்கிற மெஷின்லயா வெச்சீங்க? கிடாரையா? நல்லது பிரதர். தாராளமா எழுதுங்க, எல்லாருக்கும் சொல்லுங்க. பெக்டரி பேரையும் சேர்த்து எழுதுங்க. வெளிச் சாமானை உள்ள கொண்டுபோனது யாருன்னு அவங்களும் விசாரிக்கட்டும்."

தேன் அப்போதும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

பஸ்களுக்கு ஃபைபர் ஒட்டுகிற மெக்கானிக் ஒருவர் எங்கள் கடைக்குப் பிசின் வாங்க வருவார். அவரிடம் கேட்டேன். அச்சில் எடுத்த பிறகு இதை அடுப்பில் வைத்து மெதுவாகச் சூடேற்றி வேகவைக்க வேண்டுமாம். அப்போதுதான் பிசின் முழுசாக இறுகுமாம். அந்த வேலையைச் செய்யாமல் ஏமாற்றினால், பார்வைக்கு நன்றாக இருக்கும். சூடு பட்டால் முதலில் இளகும், பிறகு அந்த நேரத்தில் எப்படி நிற்கிறதோ அப்படியே இறுகிவிடும். ஆக, அவன் கொட்டகையில் செய்யாமல் விட்ட வேலையை எங்கள் ட்ரையர் செய்து முடித்திருக்கிறது. தந்தி இழுத்த இழுப்பில் வளைந்து, வளைந்தபடியே வெந்து, கல்லாகிவிட்டது. நாய் வாலையாவது பிடித்திருக்கிற நேரம் நேராக வைக்கலாம். என் கைக்குப் பக்கத்து அலமாரியில் அடுக்கியிருக்கிற பசைப் பெட்டி ஒவ்வொன்றிலும் சூடு படக் கூடாது என்று அச்சடித்திருக்கிறது. எட்டு வருடமாக நான்தான் அதை விற்கிறேன். ஒரு நாள் படித்திருப்பேனா?

எழுதலாம், அவன் பெயரை நாறடிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் மச்சானின் வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து என் மனைவி போனைக் காட்டினாள். அவள் பிடித்த அந்த ஒரு நிமிடத் துண்டு அந்தக் கொழும்புக்காரனுடைய இணையப் பக்கத்தில் இருந்தது. கேட்காமல் எடுத்துப் போட்டிருக்கிறான். மேலே எழுதியிருந்தான்: "மலைநாட்டுப் பனியிலும் மழையிலும் அசையாத நெக்." கீழே வரிசையாக இதயங்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் விரல் கிழிந்து வாசித்ததை எடுத்து இவன் விளம்பரம் பண்ணுகிறான். எடுக்கச் சொல்லு, இப்போதே எழுது என்று கத்தினேன். அவள் எழுத ஆரம்பித்தாள். எழுதி முடிப்பதற்குள், சரி, இருக்கட்டும், எதற்கு வம்பு என்று நானே தடுத்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

சென்ற மாதம், பௌர்ணமி லீவான ஒரு போயா நாள் பகலில், மச்சான் வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். போன் அடித்தது. தெரியாத எண், பெண் குரல். ஹாலிஎலயில் ஒரு தேவாலயப் பாட்டுக் குழுவில் பேஸ் வாசிக்கிறவளாம். அவளுடைய மர நெக்கும் பனியில் ஆடுகிறதாம். அந்த வீடியோவைப் பார்த்து, யார் யாரிடமோ விசாரித்து என் எண்ணைப் பிடித்திருக்கிறாள்.

"அண்ணா, நீங்க ரொம்ப நல்லா வாசிக்கிறீங்க. அதே ஆளுகிட்ட நானும் ஒண்ணு செய்யச் சொல்லலாமுன்னு இருக்கேன். நம்பி வாங்கலாமா?"

நல்லா வாசிக்கிறீங்க என்று யாரும் சொல்லி வெகு நாளாகிவிட்டது.

"வாங்குங்கம்மா. நல்ல சாமான்தான். ஒண்ணும் ஆகாது" என்றேன்.

நன்றி சொல்லி வைத்துவிட்டாள். மச்சான் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஏன் மச்சான் அந்தப் புள்ளைக்குப் பொய் சொன்னீங்க?"

"ஒனக்காகத்தான்டா. உண்மையைச் சொன்னா ட்ரையர் விஷயம் வெளிய வரும். ஒன் வேலை போயிரும்."

"எனக்காகவா?" என்றான். "நா அன்னைக்கே பெக்டரியப் பாத்துக்கிற டீ மேக்கர் ஐயாகிட்ட போயி நாந்தான் வெச்சேன்னு சொல்லிட்டேனே. ரெண்டு நாள் வேலை இல்லைன்னாரு, நின்னேன். முடிஞ்சு போச்சு. வாயை மூடுங்கன்னு நா எப்ப ஒங்களைக் கேட்டேன்?"

அடுப்படியில் என் மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. மச்சான் மிச்சத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, போய்ட்டு வாறேன் என்று எழுந்து போனான்.

கொழும்புக்காரனை இன்றைக்கும் வாய் நிறையத் திட்டுகிறேன், திட்டுவேன். அவன் ஃப்ராடுதான், சந்தேகமே இல்லை. ஆனால் மச்சானைச் சாக்கு வைத்து அவன் பேரைக் காப்பாற்றியது நான். ஏனென்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அந்த வீடியோவை எடுத்துவிடுவான். பஜாரில் இப்போதும் இரண்டு பேர் நிறுத்தி, அந்த பேஸ்காரர் நீங்கதானே என்று கேட்கிறார்கள். நான் ஆமாங்க என்கிறேன். குழுவில் எனக்கு இடம் இல்லை, வேன் நிற்பதில்லை, கிடார் கட்டிலுக்கு அடியில் வில்லாகக் கிடக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் மட்டும்தான் நான் இன்னும் பேஸ் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஹாலிஎலப் பெண்ணின் எண் போனில் அப்படியே இருக்கிறது. பதிந்து வைக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. நேற்று அவளுக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துப் போனைக் கையில் எடுத்தேன். வீடியோவை மூன்று தடவை பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.